கைப்பிடி

வீடு ஒன்றை அறிவது எப்படி? அதில் பிறந்து வளர்ந்தவர் ஒருவகையில் அறிவார். அதைக் கட்டிய கொத்தனார் வேறொரு வகையில் அறிவார். மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. நாள் தவறாமல் அதன் வாசல்வரை சென்று, உள்ளே காலடி வைக்காமலே திரும்பும் தபாற்காரன் அறிகிற வகை அது. முப்பது ஆண்டுகள் நான் வீடுகளை அவ்வாறுதான் அறிந்தேன். நான்காவது வகை ஒன்றும் உண்டு என்பதை எனக்குக் கற்றுத் தந்தவை ஒரு கணினி விளையாட்டும் ஒரு மூதாட்டியும் ஆவர். அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

1988இல் யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் வந்து சேர்ந்தேன். கிடைத்த வேலைகளையெல்லாம் செய்துவிட்டு, 1991இல் நகரின் தெற்கே டூட்டிங் பகுதியில் தபாற்காரனானேன். அங்குள்ள தெருக்களைக் காணாதவர்களுக்குச் சிறிது விளக்கிச் சொல்ல வேண்டும். தெருவின் இருபுறமும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். இரண்டு வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒரே சுவர். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்தள்ளிய ஒரு சாளரம், இரண்டு படிகள், வண்ணக் கண்ணாடி பதித்த ஒரு கதவு. பெரும்பாலானவை விக்டோரியா அரசியின் ஆட்சியின் இறுதியிலும் அதற்குச் சற்றுப் பின்னும் எழுந்தவை. புதிதாய்ப் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். கதவுதோறும் கடிதம் போடுகிறவனுக்கோ ஒன்றைப்போல் மற்றொன்று இராது.

2003ஆம் ஆண்டு என் மகள் 'சிம்சிட்டி 4' என்ற விளையாட்டை வாங்கி வந்தாள். விளையாடுகிறவர் ஒரு நகரத்தின் மேயராகிச் சாலை அமைத்து, நீரும் மின்சாரமும் கொண்டுவந்து, எவ்விடம் குடியிருப்பு, எவ்விடம் தொழிற்சாலை என வகுத்துக் கொடுத்தால், வீடுகள் தாமாக எழும். மக்கள் தாமாகக் குடியேறுவர். கலிபோர்னியாவில் தோன்றிய விளையாட்டாதலால் அதன் வீடுகளும் அமெரிக்க வீடுகளே. மரச்சுவர், முன்னே அகன்ற புல்தரை, ஒவ்வொன்றும் தனித்தனியே. மகள் ஒரு மாதம் விளையாடிவிட்டு, "அப்பா, எங்கட தெரு மாதிரி ஒரு தெருவும் இதில இல்லை" என்றாள். அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கிருந்தோ வந்து குடியேறிய என் மகளுக்கு அது 'எங்கட தெரு' ஆகிவிட்டிருந்தது. விளையாட்டில் மட்டும் அதற்கு இடம் இல்லை.

அந்த விளையாட்டை உருவாக்கியவர்களே 2004இல், விரும்புவோர் தம் கட்டடங்களைத் தாமே செய்து சேர்ப்பதற்கான கருவியொன்றை இலவசமாக வெளியிட்டனர். 'ஜிமேக்ஸ்' என்ற வரைகலை மென்பொருளுக்குள் அது இயங்கும். கணினியில் வீட்டை முப்பரிமாணமாகக் கட்டி எழுப்ப வேண்டும். கருவி அதனை நான்கு திசைகளிலிருந்தும் ஐந்து வெவ்வேறு தொலைவுகளிலிருந்தும் படம் பிடித்துக் கொள்ளும். விளையாட்டில் நாம் காண்பது அந்தப் படங்களையே. வேலைக்காக விடியுமுன் எழுபவன் மாலையில் ஓய்வாயிருப்பான் அல்லவா? அந்த மாலைகளில் நான் வீடு கட்டத் தொடங்கினேன்.

முதல் முயற்சியிலேயே இடறினேன். அந்த விளையாட்டின் நிலம் 16 மீட்டர் சதுரங்களாகப் பகுக்கப்பட்டது. எங்கள் தெருவின் வீட்டு முகப்பு 15 அடி, அதாவது 4.57 மீட்டர். ஒரு சதுரத்தில் மூன்று வீடுகள் வைத்தால் இடம் மிஞ்சும். நான்கு வைத்தால் இடம் போதாது. வேறு வழி அறியாமல் ஒவ்வொரு வீட்டையும் 4 மீட்டராகக் குறுக்கினேன். பார்த்த மகள், "இதுகள் எல்லாம் மூச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கப்பா" என்று சிரித்தாள். சொன்னது சரிதான்.

ஒன்றைச் செய்து பார்க்கும்வரை அதை நாம் பார்த்திருக்கவே இல்லை என்ற உண்மை அப்போதுதான் விளங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த தெருவில் புதியவனைப்போல் நடக்கலானேன். சுவரின் உயரத்தை அறிய ஏணி வேண்டியதில்லை. செங்கல் வரிகளை எண்ணினால் போதும். நான்கு வரிகள் சேர்ந்தால் சாந்தோடு ஓர் அடி. நிழற்படத்தில் வரிகளை எண்ணியே கதவின் உயரம், சாளரத்தின் உயரம், கூரை தொடங்கும் இடம் எல்லாவற்றையும் கணக்கிடலாம். அக்காலத்துச் சுவர்களில் செங்கல்லின் நீளப்பக்கம் ஒன்று, முனைப்பக்கம் ஒன்று என மாறி மாறித் தெரியும். 9 அங்குலக் கனமுள்ள சுவரை முன்பின்னாகப் பிணைப்பதற்காக அப்படி வைத்தார்கள். பின்னாளில் நடுவே இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்பியபோது நீளப்பக்கம் மட்டுமே தெரியலாயிற்று. செங்கல் அடுக்கிய விதத்தைப் பார்த்தே வீட்டின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்தச் செங்கல்லிலும் ஒரு கதை உண்டு. இலண்டனின் மஞ்சள் நிறச் செங்கல்லுக்கு மண் பிசையும்போது, நகரத்து வீடுகளின் அடுப்புகளிலிருந்து வாரிய சாம்பலையும் கலந்தார்கள். சாம்பலில் எஞ்சிய கரித்துகள் சூளையில் எரிந்து செங்கல்லை உள்ளிருந்தே சுட்டது. முந்திய வீடுகளின் அடுப்புச் சாம்பல் பிந்திய வீடுகளின் சுவராயிற்று. கூரையோ வேல்ஸ் நாட்டு மலைகளைப் பிளந்தெடுத்த கற்பலகை. அங்கே பென்ரின் சுரங்கத்தில் 1900 முதல் 1903 வரை நடந்த நெடிய போராட்டத்தில், வேலைக்குத் திரும்பாத தொழிலாளர்கள் தம் வீட்டில் துரோகி எவரும் இல்லை என்று எழுதிய அட்டையைச் சாளரங்களில் வைத்தனர். கூரைக்கு நிறம் தீட்டும்போதெல்லாம் அந்த மக்கள் என் நினைவுக்கு வந்தார்கள். கூரைமேல் நிற்கும் சுடுமண் குழாய்களை எண்ணினால் வீட்டுக்குள் எத்தனை கணப்பு அடுப்புகள் இருந்தன என்று தெரியும். பெரும்பாலும் அடுப்புக்கு ஒரு குழாய். 1952 டிசம்பரில் இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்துக்குப் பின், 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. காலப்போக்கில் அடுப்புகள் அணைந்தன. குழாய்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன.

ஆண்டுகள் சென்றன. மகள் படித்து, வேலைக்குப் போய், விளையாட்டை மறந்தாள், நான் மறக்கவில்லை. 2015 மார்ச்சில், பின்லாந்து நாட்டுக் குழுவொன்று உருவாக்கிய 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' வெளிவந்தது. இதில் வீடு வெறும் படமன்று. உண்மையான முப்பரிமாண உரு. தெருவுக்கே இறங்கி வந்து வாசற்படியைப் பார்க்கலாம். நானும் 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளுக்கு மாறினேன். நிலம் இங்கே 8 மீட்டர் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒரு மனைக்கு அதிகபட்ச அகலம் நான்கு கட்டங்கள், அதாவது 32 மீட்டர். ஒருநாள் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கையில் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடிற்று. ஏழு வீடுகள், வீட்டுக்கு 15 அடி, மொத்தம் 105 அடி. மீட்டரில் 32.004. நான்கு மில்லிமீட்டர் மட்டுமே மிகுதி! தனித்தனி வீடாகச் செய்யாமல் ஏழு வீடுகளை ஒரே வரிசையாகச் செய்தால் எதையும் குறுக்க வேண்டியதில்லை. ஏழு குடும்பமும் மூச்சு விடலாம். அந்த மகிழ்ச்சியில் அன்று ஒரு கடிதத்தைத் தவறான வீட்டில் போட்டுவிட்டு, மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்.

என் கடிதத் தெருக்களில் ஒன்றிலிருந்து அடுத்தடுத்த ஏழு வீடுகளைத் தெரிந்துகொண்டேன். விடுமுறை நாளொன்றில் நிழற்படக் கருவியோடு அங்குச் சென்றேன். நாள்தோறும் சீருடையில் என்னை அறிந்த தெரு, சீருடையில்லாமல் என்னை அறியவில்லை. மூன்றாவது படம் எடுக்கும்போதே எதிர்வீட்டிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, எதற்காகப் படம் பிடிக்கிறாய் என்று கடுமையாகக் கேட்டார். அவருடைய வீட்டுக்கு எத்தனையோ ஆண்டுகளாகக் கடிதம் கொண்டு சென்றவன் நான். சொல்ல முயன்றேன், வாய் குழறியது. கணினி விளையாட்டுக்காக வீடு செய்கிறேன் என்று ஐம்பத்தைந்து வயது மனிதன் நடுத்தெருவில் நின்று சொல்வதை யார் நம்புவார்கள்?

அப்போது ஏழு வீடுகளில் நடுவீட்டின் கதவு திறந்தது. அங்குத் தனியே வாழ்ந்த மூதாட்டி, வாசலோரக் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். "அவர் நம் தபாற்காரர் அல்லவா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லையா?" என்றார். எதிர்வீட்டுக்காரர் என் முகத்தை முதன்முறையாகப் பார்த்தவர்போலப் பார்த்து, வருத்தம் தெரிவித்துச் சென்றார். மூதாட்டி என்னை உள்ளே அழைத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய வாசலுக்கு வந்தவன், அன்றுதான் அந்த வாசலைத் தாண்டினேன்.

அவருக்கு வயது எண்பத்து நான்கு. அந்தத் தெருவிலேயே பிறந்தவர். கணவர் பேருந்து ஓட்டுநராயிருந்து மறைந்தவர். அவருடைய அளவு நாடாவை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்து, "வேண்டியதையெல்லாம் அளந்துகொள்ளுங்கள்" என்றார். எதிர் வரிசையின் நடுவே மட்டும் சில வீடுகள் தட்டையாய், அணிகலன் இழந்த முகம்போல் நிற்பதை நான் கவனித்திருந்தேன், காரணம் கேட்டேன். 1944 கோடையில் இலண்டன்மேல் பறக்கும் குண்டுகள் விழத் தொடங்கியபோது தமக்குப் பதின்மூன்று வயதென்றும், அவற்றுள் ஒன்று அந்த இடத்தில் விழுந்ததென்றும், தம் பள்ளித் தோழி ஒருத்தி அங்கே குடியிருந்தாள் என்றும் சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றித் தந்தார்.

நான்கு மாதங்கள் உழைத்தேன். முன்தள்ளிய சாளரத்தின் தூண்தலைப்பில் உள்ள இலைவேலை, வாசல் நடையில் பதித்த கறுப்புச் சிவப்பு ஓடுகள், வீட்டுக்கு வீடு கூரைக்குமேல் எழும் பொதுச்சுவர், கதவுக்கு மேலுள்ள சிறு கண்ணாடி என ஒவ்வொன்றையும் செய்தேன். இரவில் எந்தச் சாளரத்தில் விளக்கெரியும் என்பதற்கும் தனியொரு படம் தீட்ட வேண்டும். விடியுமுன் அத்தெருவில் நடந்தவனாதலால், யார் வீட்டில் முதலில் வெளிச்சம் வரும் என்பது எனக்குத் தெரியும். மூதாட்டியின் கதவுக்கு மேலுள்ள கண்ணாடிக்கு ஒளி கொடுத்தேன். வேண்டாதவற்றை விலக்கினேன். குப்பைத் தொட்டிகள், சாளரத்தருகே முளைத்த தொலைக்காட்சித் தட்டு, நெகிழிக் குழாய்கள் எதுவும் இல்லை. ஏழு வீடுகளும் 1890களில் கட்டி முடித்த நாளில் நின்றதுபோல் நின்றன. இதுவரை நான் செய்தவற்றுள் இதுவே சிறந்தது என்று எண்ணினேன்.

மடிக்கணினியை எடுத்துச்சென்று அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு நெடுநேரம் பார்த்தார். அயல்வீடுகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லி, இது அவருடைய வீடு, இது இவருடைய வீடு என்றார். தம் வீட்டுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"கைப்பிடி எங்கே?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விரலால் படியருகே தொட்டுக் காட்டினார். 2012இல் அவர் வாசலில் வழுக்கி விழுந்தபின், உள்ளாட்சி மன்றத்தார் வந்து பொருத்திய வெள்ளைக் கைப்பிடி அது. முதியோருக்கும் உடல் வலுவிழந்தோருக்கும் 1,000 பவுண்டுக்கு உட்பட்ட இத்தகைய சிறு மாற்றங்களை இங்கிலாந்தில் கட்டணமின்றிச் செய்து தருவர்.

"அது பின்னாளில் வந்தது. வீட்டின் பழைய அழகைக் கெடுக்கும் என்று விட்டுவிட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லாமல் நான் எப்படி என் வீட்டுக்குள் போவேன்?" என்றார்.

எனக்கு மறுமொழி இல்லை. அவருடைய கேள்வியில் குற்றச்சாட்டு இல்லாதது என்னை மேலும் நாணச் செய்தது. எதிர்வீட்டுக்காரர் முன் நான் நின்ற அந்நாளில் அவர் இறங்கி வந்ததும் அந்தக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான். என்னைக் காத்த கரம் பிடித்திருந்த பொருளையே அழகுக்குப் பகை என்று அகற்றிவிட்டு, அந்த வீட்டை அப்படியே செய்திருக்கிறேன் என்று பெருமையும் கொண்டிருந்தேன். செங்கல் வரிகளை எண்ணினேன். புகைபோக்கிக் குழாய்களை எண்ணினேன். அங்கே வாழ்கிறவரை எண்ணவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் மனைவி முன்பொருமுறை கேட்டது நினைவுக்கு வந்தது: "இஞ்ச பாருங்கோ, வெள்ளைக்காரன்ர வீடெல்லாம் செய்யிறியள். எங்கட ஊர் வீட்டை ஏன் ஒருநாளும் செய்யேல்லை?" படமில்லை, அளவு தெரியாது என்று அன்று சொல்லியிருந்தேன். அது உண்மைதான். பிறந்து வளர்ந்த வீட்டின் அகலம் எத்தனை அடி என்று இன்றும் எனக்குத் தெரியாது. குடியிருந்த காலத்தில் யார் வீட்டை அளக்கிறார்கள்? ஆனால் இருளில் கண்விழித்துக் கிடந்தபோது அந்த வீட்டில் ஓரிடம் துலக்கமாகத் தெரிந்தது. திண்ணையின் வலப்புறத் தூண். அப்பம்மா அதை ஒரு கையால் தழுவிக்கொண்டே முற்றத்தில் இறங்குவா. அவவின் கைபட்ட உயரத்தில் மட்டும் அந்தத் தூண் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். வீட்டின் அளவுகள் எல்லாம் போய்விட்டன. அந்த மினுக்கம் போகவில்லை. கைப்பிடி என்றால் என்ன என்பது எனக்குச் சிறுவயதிலேயே தெரிந்திருந்தது. பிறர் வீட்டைச் செய்யும்போது மட்டும் மறந்துபோனேன்.

மறுநாள் கைப்பிடியைச் செய்யத் தொடங்கினேன். கணினியில் எந்த உருவும் முக்கோணங்களால் ஆனது. எண்ணிக்கை மிகுந்தால் விளையாட்டு தளர்ந்துவிடும். ஆகவே சிக்கனம் வேண்டும். வட்டக் குழாயை ஆறு பக்கங்களோடு செய்தாலே போதும். கண் அதனை வட்டமாக எடுத்துக்கொள்ளும். நிமிர்ந்த கால் ஒன்று, வளைவு ஒன்று, சரிந்த பிடி ஒன்று, சுவரைச் சேரும் முனை ஒன்று. நான்கு துண்டுகளுக்கு 48 முக்கோணங்கள். ஒரு மாலைப்பொழுதுக்கும் குறைவான வேலை. நான்கு மாதங்களில் நான் செய்யாமல் விட்டது அவ்வளவுதான்.

அதைப் பொருத்தியபின் விளையாட்டில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நகரத்திலும் மக்களுக்குப் பெயருண்டு, வயதுண்டு. அவர்கள் முதுமையடைவர், இறப்பர், பிணவூர்தி வந்து எடுத்துச்செல்லும். ஆனால் அங்கே எந்த முதியவரும் படியில் தடுமாறுவதில்லை. மேயர் எவ்வளவு நல்லவராயினும் அந்த நகரத்தில் எவருக்கும் கைப்பிடி தேவைப்படாது. நான் செய்த கைப்பிடியை எந்தக் கையும் பற்றப்போவதில்லை என்பதும் தெரியும். ஆயினும் அது அங்கே இருப்பதும் இல்லாமையும் ஒன்றன்று.

தொழில்முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இரண்டு உருக்கள் உண்டு. அருகில் வரும்போது காட்டுவதற்கு விரிவான உரு. தொலைவில் காட்டுவதற்கு மிக எளிய உரு. முழு நகரத்தையும் மேலிருந்து பார்க்கும்போது கணினி எளிய உருவையே காட்டும். அதில் கைப்பிடி இராது, இலைவேலையும் இராது, வீடு ஒரு பெட்டி, கூரை ஒரு நிறம். மேயர் தம் நகரத்தைப் பெரும்பாலும் பார்ப்பது அந்த உயரத்திலிருந்துதான். வரியும் வருவாயும் போக்குவரத்தும் அங்கிருந்து நன்றாகத் தெரியும். கைப்பிடியைக் காண வேண்டுமானால் இறங்கி வர வேண்டும். ஏழு வீட்டு வரிசையின் நடுவீட்டு வாசல்வரை வர வேண்டும். விளையாட்டு மேயருக்கு மட்டுமா இது பொருந்தும்? ஆட்சி செய்வோருக்கும், குடும்பத்தலைவருக்கும், நாற்பது வீடு தள்ளிக் குடியிருப்பவரின் நலத்தை விசாரிக்காத நமக்கும் பொருந்தும் அன்றோ?

என் வரிசை வீடுகளைக் கட்டணமின்றி எல்லாரும் பயன்படுத்தக் கொடுத்தேன். எங்கெங்கோ உள்ளவர்கள் தம் நகரங்களில் அவற்றை வைத்தார்கள். சிலர் எனக்கு எழுதி, வீடுகளைப் பாராட்டிவிட்டு, அந்த வெள்ளைக் குழாய் மட்டும் காலத்துக்கு ஒவ்வாமல் உறுத்துகிறது, அதை நீக்கி இன்னொரு பதிப்புத் தர இயலுமா என்று பணிவோடு கேட்டனர். செய்வது எளிது; 48 முக்கோணங்களை அழித்தால் போதும். நான் செய்யவில்லை. அந்த வீட்டில் ஒருவர் வாழ்கிறார் என்று மட்டும் மறுமொழி எழுதினேன். வரிசை எத்தனை முறை படியெடுக்கப்பட்டாலும் ஏழு வீட்டுக்கு ஒரு கைப்பிடி கூடவே போகும். எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும் ஏழு வீட்டில் ஒருவருக்காவது அது தேவைப்படாமல் இருக்குமா?

திருத்திய உருவை மூதாட்டிக்குக் காட்டியபோது அவர் சிரித்தார். "இப்போது நான் போகலாம்" என்றார். வீட்டுக்குள் போகலாம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

2018ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அவர் காலமானார். இறந்தவர்களுக்கும் கடிதம் வரும் என்பது தபாற்காரர் மட்டும் அறிந்த துயரம். கண் மருத்துவ நினைவூட்டல், விதைக் கடையின் விலைப்பட்டியல், எங்கோ உள்ள பழைய தோழி ஒருவரின் கிறிஸ்துமஸ் வாழ்த்து. சில மாதங்கள் அவற்றை அந்தக் கதவின் துளைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே தரையில் விழும் ஓசை கேட்கும்; எடுப்பவர் இல்லை. பின்னர் வீடு விற்கப்பட்டது. வேலையாட்கள் வந்தனர். புதிய கதவு, புதிய வண்ணம். ஒருநாள் காலையில் பார்த்தேன்; கைப்பிடி இல்லை. சுவரில் அதைப் பிடித்திருந்த துளைகளைச் சாந்து வைத்து அடைத்திருந்தார்கள். சாந்தின் நிறம் பொருந்தவில்லை. வாங்கியவர்கள் இளம் தம்பதியர். அவர்களுக்கு அது தேவையில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. வீடு அப்படித்தான் கைமாறும்.

விளையாட்டில் ஒரு பகுதி வளம் பெற்றால், அங்குள்ள வீடுகள் அடுத்த தரத்துக்கு உயரும். உயர்வது என்றால் பழுதுபார்ப்பதன்று. பழைய வீடு மறைந்து அவ்விடத்தில் வேறொரு வீடு வந்து நிற்பது. அதைத் தடுக்க ஒரு வழியுண்டு. குறிப்பிட்ட கட்டடத்தை வரலாற்றுச் சிறப்புடையது எனக் குறித்துவிட்டால் அதன் தோற்றம் மாறாது. பிரித்தானியாவிலும் 1947ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம் முதற்கொண்டு சிறப்புக்குரிய கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் முறை வளர்ந்து வந்திருக்கிறது. அரண்மனைகளும் ஆலயங்களும் அதில் இடம்பெறும். பேருந்து ஓட்டுநரின் மனைவி வாழ்ந்த 15 அடி வீடு அதில் இடம்பெறாது. அதன் வெள்ளைக் கைப்பிடி எவருடைய பட்டியலிலும் வராது. என் கணினியில் உள்ள நகரத்தில் அந்த ஏழு வீட்டு வரிசையை நான் குறித்து வைத்திருக்கிறேன். எனக்கு அந்த அதிகாரம் உள்ள ஒரே நகரம் அது.

2021இல் நான் ஓய்வு பெற்றேன். முப்பது ஆண்டு நடையின் கணக்கை முழங்கால்கள் கேட்கத் தொடங்கிவிட்டன. சென்ற ஆண்டு எங்கள் வீட்டு வாசற்படிக்கும் ஒரு கைப்பிடி வந்தது. பொருத்த வந்த இளைஞர், "எந்தப் பக்கம் வேண்டும் ஐயா?" என்று கேட்டார். நான் சிறிது யோசித்து, வலப்பக்கம் என்றேன். மகள் தன் பிள்ளையோடு வரும்போது, அந்தச் சிறுவன் படி ஏறுமுன் அதைத்தான் முதலில் பற்றிக்கொள்கிறான். அவன் கை எட்டும் உயரத்தில் வெள்ளைப் பூச்சு இப்போதே சற்று மங்கியிருக்கிறது.

இன்னும் வீடுகள் செய்கிறேன். ஒன்றைத் தொடங்குமுன் படம் எடுக்கிறேன், செங்கல் வரிகளை எண்ணுகிறேன். ஆனால் அதற்கு முன்பாக, அனுமதி கேட்டு, கதவைத் தட்டுகிறேன்.